வியாழக்கிழமைக் கேன்

அத்தியாயம் 14

கஸ்தூரியம்மாளுக்கு வாசனை தெரியாமல் போய் அன்றோடு இருபத்து மூன்று நாள். இந்தச் சங்கதி அவளுக்குத் தெரியும். வாரம் தவறாமல் கூடவே வந்துகொண்டிருக்கிற உங்களுக்குத் தெரியும். வீட்டில் வேறு ஈ காக்கைக்கும் தெரியாது என்றுதான் அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

ஆனி மாதக் கடைசியில் மூன்று நாள் காய்ச்சலில் படுத்தாள். எழுந்த அன்று மருமகள் பவானி கொடுத்த காபி வெறும் சூடாக இருந்தது. நெற்றியில் தைலம் தேய்த்துப் பார்த்தாள், எரிந்தது, மணக்கவில்லை. சாம்பிராணிப் புகைக்குள் முகத்தை நீட்டினாள், கண்தான் கரித்தது. இரண்டு நாளில் சரியாகிவிடும் என்று இருந்தாள். இரண்டு நாள் ஒரு வாரமானது, ஒரு வாரம் மூன்று வாரமானது.

வேறு யாருக்காவது மூக்கு வேலை செய்யாவிட்டால் டாக்டரிடம் சொல்லிவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார்கள். கஸ்தூரியம்மாளின் மூக்கு அந்த ரகமில்லை. வீரபாண்டியில் அவள் புருஷன் சின்னச்சாமி ஆரம்பித்துவிட்டுப் போன தண்ணீர்க் கம்பெனி ஆறு வருஷமாக அதை நம்பித்தான் ஓடிக்கொண்டிருந்தது.

இருபது லிட்டர் கேன் வெளியே போகும்போது தண்ணீரோடு போகும். திரும்பி வரும்போது எதோடு வரும் என்று சொல்ல முடியாது. ஒரு வீட்டில் காலிக் கேனில் மோர் ஊற்றி வைப்பார்கள். இன்னொரு வீட்டில் அதைத் தூக்கிக்கொண்டு மண்ணெண்ணெய் வாங்கப் போவார்கள். அப்புறம் ஒரு தடவை அலசிவிட்டு நல்ல பிள்ளையாகத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். பார்வைக்கு எல்லாக் கேனும் ஒரே நீலம்தான். அதனால் கழுவுவதற்கு முன்னால் ஒவ்வொன்றையும் மோந்து பார்க்க வேண்டும். கழுவிய பிறகு மோந்தால் பிளீச்சிங் பவுடர் நெடி எல்லாவற்றையும் மூடிவிடும்.

தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்திருப்பாள் கஸ்தூரியம்மாள். கேனின் வாயில் மூக்கை வைத்து ஒரே ஒரு இழுப்பு. நல்ல கேன் என்றால் விரலால் ஒரு தட்டு. கெட்டது என்றால் இரண்டு தட்டு. மோர் இருந்த கேனில் சோடா உப்பைக் கரைத்து ஒரு ராத்திரி ஊற வைப்பாள். மண்ணெண்ணெய்க் கேன் தரை கழுவப் போய்விடும். தோட்டத்து மருந்து கலக்கின கேன் வந்தால் மட்டும் ஹாக்ஸா பிளேடை வாங்கிக் குறுக்கே இரண்டாக அறுத்துவிடுவாள். பிளாஸ்டிக் மருந்தைக் குடித்து வைத்துக்கொள்ளும், ஏழு தண்ணி அலசினாலும் கக்காது என்பது அவள் கட்சி. வெந்நீர் ஊற்றினால் கேன் வெளிறி வெடிக்கும், கம்பி நார் போட்டுத் தேய்த்தால் கீறலுக்குள் பாசி குடியேறும் என்பதெல்லாம் அவள் மற்றவர்களுக்குப் போட்ட சட்டங்கள்.

மகன் விஜய்பாண்டி கேன் கழுவுகிற மெஷின் ஒன்று வாங்கலாம் என்று இரண்டு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தான். மெஷினுக்கு மூக்கு இருக்கா என்று கேட்டு அவன் வாயை அடைத்தவள் அவள். அந்தப் பேச்சைப் பேசிய வாயால் என் மூக்கு போய்விட்டது என்று எப்படிச் சொல்வது? சொன்னால் அந்த ஸ்டூல் போகும். ஸ்டூல் போனால் அந்த வளாகத்தில் தனக்கு என்ன வேலை என்று அவளுக்குத் தெரியவில்லை. பயந்தாள் என்பதுதான் நிஜம்.

இருபத்து மூன்று நாளும் ஒரு புகாரும் வரவில்லை. அவ்வப்போது குத்துமதிப்பாக இரண்டு தட்டுத் தட்டியதில், ஓரமாக ஒதுங்கிய கேன்கள்கூட மூன்று நான்கு சேர்ந்திருந்தன. மூக்கு இல்லாவிட்டால் என்ன, கையும் கண்ணும் பழகியிருக்கிறது என்று கஸ்தூரியம்மாள் தன்னைத் தானே மெச்சிக்கொள்ளக்கூட ஆரம்பித்திருந்தாள்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. ஆடி மூன்றாம் சனி முடிந்த மறுநாள். குச்சனூர்ச் சனீஸ்வரன் கோயில் கடைகளுக்குக் கொடுத்திருந்த கேன்கள் எல்லாம் காலியாகி விடியற்காலையிலேயே வந்து இறங்கின. டிரைவர் வீரணன் ஒவ்வொன்றாக எடுத்து நீட்டினான். அன்றைக்கு அவசரம் வேறு. அல்லிநகரத்துச் சம்பந்தி வீட்டுக்கு எட்டரைக்குள் ஆறு கேன் போய்ச் சேர வேண்டும்.

சம்பந்தி என்றால் இன்னும் முழுச் சம்பந்தி ஆகவில்லை. கஸ்தூரியம்மாளின் மகள் வேல்விழியைப் பாண்டியம்மாளின் மகன் திலீபனுக்குப் பேசி முடித்திருந்தார்கள். ஆவணி பன்னிரண்டில் நிச்சயம். அதற்கு முன்னால் குலசாமிக்குக் கிடா வெட்டிச் சொந்தபந்தத்துக்கு அன்று சாயங்காலம் விருந்து வைத்திருந்தாள் பாண்டியம்மாள். வெளியூர் ஜனம் வெள்ளிக்கிழமையிலிருந்தே வந்து இறங்கிவிட்டது. தண்ணீர் நம்ம சம்பந்தி வீட்டுத் தண்ணீர்தான் என்று எல்லோரிடமும் சொல்லி வைத்திருப்பதாக அவளே போனில் பெருமையாகச் சொன்னாள்.

தொட்டியடியில் பவானி கழுவிக்கொண்டிருந்தாள். பத்துக் கேன் போயிருக்கும். தான் ஒரு தட்டுத் தட்டி அனுப்பிய கேனை, தண்ணீர் ஊற்றுவதற்கு முன்னால் பவானி முகத்தருகே கொண்டுபோவதைக் கஸ்தூரியம்மாள் பார்த்துவிட்டாள்.

"நான் மோந்தத நீ எதுக்கு மறுபடி மோக்குற?"

"சும்மாதான் அத்த. பழக்கமாப் போச்சு."

"எம்மூக்குல ஒனக்கு நம்பிக்கையில்லாமப் போச்சாக்கும்."

குரல் உயரவில்லை. ஆனால் வீரணன் பக்கத்தில் நின்றான், கேட்டுவிட்டான். கஸ்தூரியம்மாளுக்கு அதுவே போதுமானதாக இருந்தது. பவானியை அடுப்படிக்குப் போகச் சொன்னாள். இன்றைக்குக் கழுவுவதை வீரணன் பார்த்துக்கொள்வான் என்றாள். பவானி ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு எழுந்தாள். கேன்கள் ஒதுக்கி வைத்த மூலையை ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். பிறகு உள்ளே போய்விட்டாள்.

மீதி இருந்த அறுபது கேனையும் கஸ்தூரியம்மாள் மோந்து, தட்டி, அனுப்பினாள். வீரணன் கழுவினான். விஜய்பாண்டி உள்ளே மெஷின் ரூமில் நின்று நிரப்பினான். யார் கழுவினார்கள் என்று அவன் எட்டிப் பார்க்கவில்லை. எட்டேகாலுக்குக் குட்டியானை வண்டி அல்லிநகரத்துக்குப் புறப்பட்டது.

பத்து மணிக்கு அல்லிநகரத்திலிருந்து போன் வந்தது. கொஞ்சம் வந்துவிட்டுப் போங்கள் என்றார்கள். என்ன விஷயம் என்று சொல்லவில்லை.

விஜய்பாண்டி பைக்கை எடுத்தான். பின்னால் கஸ்தூரியம்மாள் உட்கார்ந்துகொண்டாள். பாண்டியம்மாள் வீட்டு நடுக்கூடத்தில் பத்துப் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். ஸ்டாண்டில் கவிழ்த்த கேன் ஒன்று பாதியாக இருந்தது. பாண்டியம்மாள் ஒரு சில்வர் டம்ளரைக் கொண்டுவந்து கஸ்தூரியம்மாள் கையில் கொடுத்தாள். தண்ணீரின் மேல் சின்னச் சின்னதாக எண்ணெய்க் கண்கள் மிதந்தன.

மாப்பிள்ளையின் தாய்மாமன் முத்துவீரன் முதல் டம்ளரை வாயில் வைத்ததும் கண்டுபிடித்துவிட்டாராம். நல்லெண்ணெய். வீரணனைக் கூப்பிட்டு இந்தக் கேன் எங்கேயிருந்து திரும்பி வந்தது என்று விசாரித்திருக்கிறார். அவனுக்குப் பொய் சொல்லத் தெரியாது. குச்சனூர் லோடு என்று சொல்லிவிட்டு அடுத்த லைனுக்குப் போய்விட்டான். சனீஸ்வரன் கோயில் வாசலில் எள் தீபம் விற்கிற யாரோ, கூட்டத்துக்கு எண்ணெய் பத்தாமல் போகக்கூடாது என்று காலிக் கேனில் வாங்கி நிரப்பி வைத்து விற்றிருக்கிறார்கள். அதற்குமேல் யாருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை.

பாண்டியம்மாள் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை என்று கஸ்தூரியம்மாளுக்குத் தோன்றியது.

"மதினி, குச்சனூர் போனா மிச்ச எண்ணெய அங்கனயே வச்சுட்டு, வேற வீட்டுல ஏறாம நேரா வீட்டுக்கு வர்ற சனம் நாங்க. இப்ப அந்த எண்ணெயே வீடு தேடி வந்துருச்சு. அதுவும் நம்ம ரெண்டு வீட்டுக் காரியத்துக்கு முன்னால."

விஜய்பாண்டிக்கு முகம் கறுத்துவிட்டது. அம்மா மோந்து பார்க்காமல் எங்கள் கம்பெனியில் ஒரு கேன் வெளியே போகாது, அம்மா இதை ஒதுக்கித்தான் வைத்திருப்பார்கள், கழுவுகிற இடத்தில்தான் மாறிப்போயிருக்கும் என்று சொன்னான். அவன் நம்பியதைத்தான் சொன்னான். கழுவுவது யார் என்று முத்துவீரன் கேட்டார். அவன் கொஞ்சம் தயங்கினான். என் வீட்டுக்காரிதான் என்றான்.

நாத்தனார் காரியம் என்றால் கொஞ்சம் கருத்தாகப் பார்க்க வேண்டாமா என்று யாரோ ஒரு பெண் பின்னாலிருந்து சொன்னாள். சில தலைகள் ஆடின.

கஸ்தூரியம்மாள் டம்ளரைப் பிடித்தபடியே நின்றாள். பவானி காலையில் முதல் பத்துக் கேனுக்கு மேல் கழுவவே இல்லை என்பது அந்தக் கூடத்தில் அவளுக்கு மட்டும்தான் தெரியும். ஒரு வாக்கியம் போதும். அந்த வாக்கியத்தைச் சொன்னால் அடுத்த வாக்கியத்தையும் சொல்ல வேண்டியிருக்கும். அவள் சொல்லவில்லை. டம்ளரைக் கீழே வைத்தாள்.

ஜோசியரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு ஆவணித் தேதியைப் பற்றிச் சொல்கிறோம் என்றாள் பாண்டியம்மாள். வாசல் வரைக்கும் வந்து வழியனுப்பினாள். வெற்றிலைத் தட்டு வரவில்லை.

வீட்டுக்கு வந்ததும் விஜய்பாண்டி நேரே அடுப்படிக்குப் போனான். கையை நீட்டிப் பேசுகிற வழக்கம் அவனுக்குக் கிடையாது, அன்றும் நீட்டவில்லை. ஆனால் பேசினான். ஒதுக்கி வைத்த கேனை எடுத்துக் கழுவுகிற அளவுக்கு உனக்குக் கவனம் எங்கே போயிருந்தது, தங்கச்சி கல்யாணம் நின்றால் உன்னால்தான் நிற்கும் என்றான். இதைக் கேட்டு வேல்விழி தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

பவானி கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள். ஒரே ஒரு தடவை மாமியாரை நிமிர்ந்து பார்த்தாள். நான் பாதியிலேயே எழுந்து வந்துவிட்டேனே என்று சொல்லவில்லை. அங்கே வந்த வீரணன் மட்டும் வாயைத் திறக்கப் போனான். அவனை, வெளியே கேன் வெயிலில் கிடக்கிறது, எடுத்து நிழலில் வையுங்கள் என்று பவானியே அனுப்பிவிட்டாள்.

கஸ்தூரியம்மாளுக்கு அவள் மேல் கோபம் வந்தது. எதிர்த்து ஒரு வார்த்தை பேசியிருந்தால், அந்தச் சண்டையில் விஷயம் தானாக வெளியே வந்திருக்கும். இவள் பேசாமல் இருப்பதால் பேச வேண்டிய பாரம் தன் தலையில் வந்து விழுந்துவிட்டது என்று நினைத்தாள். மனசு இப்படியெல்லாம் கணக்குப் போடும். போட்டுவிட்டு வெட்கப்படவும் செய்யும்.

பன்னிரண்டேகாலுக்கு ஆபீஸ் ரூமில் லேண்ட்லைன் அடித்தது. விஜய்பாண்டி போய் எடுத்தான். கஸ்தூரியம்மாள் வாசல்படியில் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு இரண்டு பக்கப் பேச்சும் பாதி கேட்டது.

சின்னமனூரிலிருந்து அழகுமலை பேசினார். அவர் திராட்சைத் தோட்டத்துக்கு வாரம் ஐந்து கேன் போகும். புதன்கிழமை தோட்டத்தில் மருந்து அடித்தார்களாம். கலக்குவதற்குப் பாத்திரம் பத்தாமல் வேலையாள் ஒரு தண்ணீர்க் கேனை எடுத்துவிட்டானாம். அதைத் தனியாக மோட்டார் ரூமில் வை என்று அவர் சொல்லியிருக்கிறார். அவன் அலசி, மற்ற காலிக் கேன்களோடு சேர்த்து அன்று சாயங்காலமே கம்பெனி வண்டியில் ஏற்றிவிட்டிருக்கிறான். இன்றைக்கு மோட்டார் ரூமுக்குப் போன பிறகுதான் அவருக்கே தெரிய வந்ததாம்.

"அத யாருக்கும் குடுத்துராதீகப்பா," என்றார் அழகுமலை. அவர் குரல் படிவரைக்கும் கேட்டது.

விஜய்பாண்டி பதறவில்லை. சிரிக்கக்கூடச் செய்தான். அன்று காலையிலிருந்து அவன் சிரித்தது அதுதான் முதல் தடவை.

"கவலப்படாதீகண்ணே. எங்கம்மா மூக்கத் தாண்டி மருந்துக் கேன் போகுமா? அன்னைக்கே அறுத்துப் போட்டுருப்பாக."

இருங்கள், பார்த்துவிட்டு வந்து சொல்கிறேன் என்று ரிசீவரை மேஜையில் வைத்துவிட்டுக் கொட்டகைக்குப் போனான். ஒதுக்கி வைத்த மூலையில் நான்கு கேன் இருந்தன. இரண்டில் சோடா உப்பு ஊறிக்கொண்டிருந்தது, இரண்டு மண்ணெண்ணெய். அறுத்த கேன் எதுவும் இல்லை. திரும்பி வந்தான். அம்மாவிடம் கேட்க வேண்டும் என்றுகூட அவனுக்குத் தோன்றவில்லை. உங்கள் ஆள் வேறு எங்கேயோ வைத்திருப்பான், இங்கே வந்திருந்தால் அம்மா விட்டிருக்க மாட்டார்கள், நன்றாகத் தேடிப் பாருங்கள் என்று அழகுமலைக்குச் சொல்லிக்கொண்டிருந்தான்.

கஸ்தூரியம்மாள் எழுந்தாள்.

"பாண்டி, போன வைக்காத. அந்தக் கேன் இங்கதான் வந்துச்சு."

அவன் திரும்பிப் பார்த்தான்.

"எனக்கு வாசன தெரியாது. காய்ச்சல்ல படுத்தேன்ல, அன்னையிலருந்து தெரியாது. சும்மா மூக்க வச்சு வச்சு எடுத்துக்கிட்டிருக்கேன்."

சொல்லி முடித்ததும் பாரம் இறங்கின மாதிரி இருக்கும் என்று இத்தனை நாளும் நினைத்திருந்தாள். ஒன்றும் இறங்கவில்லை. மகன் ரிசீவரைக் காதுக்குக் கொண்டுபோனான். பிறகு அழகுமலையிடம் அப்புறம் பேசுகிறேன் என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டு, நாற்காலியில் உட்கார்ந்தான். மூணு வாரம், ஒரு நாளைக்கு எண்பது கேன் என்று தனக்குத்தானே சொன்னான். மேலே போகவில்லை.

"மூணு வாரமில்ல. வியாழக்கிழம ஒரு நாளு, இன்னைக்கு ஒரு நாளு. அம்புட்டுத்தான்."

சொன்னது பவானி. அடுப்படி வாசலில் நின்றாள்.

இரண்டு வாரத்துக்கு முன்னால், பேத்தி அனுஷ்காவின் பள்ளிக்கூட வாட்டர் பாட்டிலைக் கஸ்தூரியம்மாள் கழுவி, மோந்து, சுத்தமாக இருக்கிறது என்று கொடுத்தாளாம். வெள்ளிக்கிழமை குடித்த பாதாம் பால் மிச்சத்தோடு இரண்டு நாள் பைக்குள் கிடந்த பாட்டில் அது. பவானி மூடியைத் திறந்ததும் அடுப்படியே நாறியிருக்கிறது. மூடிக்கு உள்ளே இருக்கிற ரப்பர் வளையத்தைக் கொண்டை ஊசியால் நெம்பி எடுத்துப் பார்த்தால், அடியெல்லாம் கறுப்பாகப் பூஞ்சை. வளையத்தைத் தனியாகத் தேய்த்துக் கழுவி, வெயிலில் காயப்போட்டபோதுதான் அவளுக்கு விஷயம் உறுதியானது. காய்ச்சலுக்கு அப்புறம் வாசம் வராத மாதிரி அத்தை சாப்பிடுகிறாரே என்ற சந்தேகம் அவளுக்கு அதற்கு முன்பே இருந்தது. அந்தச் சந்தேகத்தில், காய்ச்சல் விட்டு ஸ்டூலுக்கு வந்த முதல் நாளிலிருந்தே மாமியார் தட்டி அனுப்பும் ஒவ்வொரு கேனையும் தொட்டியடியில் மறுபடி மோந்துவிட்டுத்தான் கழுவினாள். மூலையில் இருந்த நான்கு கேனும் அவள் ஒதுக்கியவை; மாமியார் குத்துமதிப்பாக இரண்டு தட்டியவற்றில் நல்லதைக் கழுவி அனுப்பிவிட்டாள். வியாழக்கிழமை மட்டும் அப்பாவைக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போக வேண்டியிருந்ததால் அவள் இங்கே இல்லை.

"தெரிஞ்சுக்கிட்டு ஏன் சொல்லல?" என்று கேட்டாள் கஸ்தூரியம்மாள்.

"நீங்களாச் சொல்லுவீகன்னு இருந்தேன் அத்த."

இந்த வீட்டுக்கு வந்து ஏழு வருஷத்தில் பவானியை அவள் எதற்கும் பாராட்டியதில்லை. தன் கண்ணும் கையும் பழகியவை என்று மெச்சிக்கொண்டதை நினைத்து உடம்பு கூசியது. அழுதால் நேரம் போகும் என்பதால் அழவில்லை.

பவானிதான் யோசித்தாள். வியாழக்கிழமை போய் இன்றைக்கு நாலாவது நாள், யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அந்தக் கேனைத் திறந்திருந்தால் இத்தனை நேரம் போன் வந்திருக்கும். ஆகவே அது இன்னும் திறக்காமல் எங்கேயோ நிற்கிறது. வியாழக்கிழமை வாங்கி இன்னும் மிச்சம் வைத்திருக்கிறவர்கள் யார்?

வீரணனைக் கூப்பிட்டார்கள். அவன் விரலை மடக்கி மடக்கி வியாழக்கிழமை லைனைச் சொன்னான். டீக்கடைகள், பஸ் ஸ்டாண்டு ஓட்டல், ஒரு லேத் பட்டறை, இரண்டு ஆபீஸ். எல்லாம் அன்றன்றைக்குத் தீர்த்துவிட்டுக் காலிக் கேனைத் திருப்பித் தருகிற இடங்கள். திருப்பித் தந்தும் விட்டார்கள். சேர்த்து வாங்கி வைத்தவர்கள் ஒரே ஒரு வீடுதான்.

"அல்லிநகரத்துல நாலு எறக்குனேன். விருந்துக்குன்னு முன்னாலயே கேட்டு வாங்குனாக," என்றான்.

விஜய்பாண்டி அம்மாவைப் பார்த்தான். நான் பேசுகிறேன் என்று ரிசீவரை எடுக்கப் போனான். கஸ்தூரியம்மாள் அவன் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். நம்பரை அவளே போட்டாள்.

பாண்டியம்மாள்தான் எடுத்தாள். ஜோசியர் இன்னும் வரவில்லை மதினி என்று ஆரம்பித்தாள்.

"மதினி, நான் சொல்லுறத மொதல்ல கேளுங்க. வியாழக்கிழம வந்த கேன யாரும் தொட வேண்டாம். அதுல ஒண்ணு தோட்டத்துல மருந்து கலக்குன கேனு."

கஸ்தூரியம்மாள் நிறுத்தவில்லை, நிறுத்தினால் தொடர முடியாது என்று அவளுக்குத் தெரியும்.

"காலையில எண்ணெய்க் கேன் வந்ததுக்கும் எம் மருமக பொறுப்பில்ல. அந்தக் கேனக் கழுவுனப்ப அவ அங்கன இல்ல, நான்தான் வெரட்டி விட்டேன். எனக்கு வாசன தெரியாமப் போயி மூணு வாரமாச்சு. மறச்சு வச்சிருந்தேன். ஒங்க வீட்டுல அத்தன பேருக்கு முன்னால வாயத் தொறக்காம நின்னதும் நான்தான்."

ஆவணி பன்னிரண்டு இத்தோடு போயிற்று என்று நினைத்தாள். சாத்திய கதவுக்குப் பின்னால் மகள் இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருப்பாள் என்றும் நினைத்தாள். ஆனாலும் ரிசீவரை வைக்கவில்லை.

பாண்டியம்மாள் திட்டவில்லை. வேறு ஒன்று சொன்னாள். நாலில் மூன்றை வெள்ளியும் சனியும் சமையலுக்கு ஊற்றிவிட்டோம், நன்றாகத்தான் இருந்தது, ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்றாள். பேசப் பேச அவள் குரல் இறங்கிக்கொண்டே போனது.

"நாலாவது இங்கன இல்ல மதினி. விருந்து சாயங்காலந்தானே, அதுக்குள்ள குளிச்சுட்டு வரட்டும்னு பிள்ளைகளயெல்லாம் வேன்ல சுருளி அருவிக்கு அனுப்பிச்சோம். குடிக்கத் தண்ணின்னு அந்தக் கேனத்தான் ஏத்தி விட்டேன். திலீபன்தான் கூட்டிக்கிட்டுப் போயிருக்கான். ஒம்பது பிள்ளைக."

புளியோதரை கட்டிக் கொடுத்திருக்கிறாள். குளித்துவிட்டு ஒரு மணிக்குச் சாப்பிடுவார்கள். ஆபீஸ் ரூம் கடிகாரத்தில் பன்னிரண்டு ஐம்பது.

விஜய்பாண்டி வண்டிச் சாவியை எடுத்தான். நீயும் ஏறு, மூக்கு இருக்கிறவள்தான் போக வேண்டும் என்று பவானியிடம் சொன்னது கஸ்தூரியம்மாள். பவானி அடுப்பை அணைத்துவிட்டு ஏறினாள். வீரபாண்டியிலிருந்து சுருளிக்கு எப்படி விரட்டினாலும் ஒரு மணி நேரம் ஆகும். அது எல்லோருக்கும் தெரியும். இருந்தும் வண்டி புறப்பட்டது.

திலீபனின் செல் நம்பரைச் சொல்லப் பாண்டியம்மாள் அந்தப் பக்கம் கண்ணாடியைத் தேடிக்கொண்டிருந்தாள். கதவைத் திறந்துகொண்டு வேல்விழி வெளியே வந்தாள். எந்தக் காகிதத்தையும் பார்க்காமல் பத்து எண்ணையும் கடகடவென்று சொன்னாள். சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள். எப்படித் தெரியும் என்று விசாரிக்க அன்றைக்கு அந்த வீட்டில் யாருக்கும் நேரமில்லை.

கஸ்தூரியம்மாள் அந்த நம்பரைப் போட்டாள். முதல் தடவை அடித்து ஓய்ந்தது. இரண்டாவது தடவையும் யாரும் எடுக்கவில்லை. மூன்றாவது தடவை எடுத்தது திலீபன் இல்லை. ஒரு சின்னப் பெண்ணின் குரல், அருவிச் சத்தத்துக்கு நடுவில்.

"மாமா குளிக்காக. நீங்க யாரு?"

"தண்ணிக் கேன் குடுத்தேன்ல, அந்தக் கஸ்தூரியம்மா பேசுறேன். கேனு எங்கன இருக்கு ஆத்தா?"

"இங்கனதான். அக்கா டம்ளர்ல ஊத்துறாக."

"யாரும் குடிக்க வேண்டாம்னு சொல்லு. ஓடிப் போயிச் சொல்லு."

"ஏன்?"

"அதுல மருந்து இருக்குத்தா. நான் கவனிக்காம அனுப்பிட்டேன். ஓடு."

போனைக் கல்லில் வைக்கிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. இணைப்பு போகவில்லை. பெண்ணின் குரல் கேட்கவில்லை, வேறு யார் குரலும் கேட்கவில்லை. தண்ணீர் விழுகிற சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது. வேல்விழி பக்கத்தில் வந்து நின்று என்னம்மா, என்னம்மா என்று கேட்டாள். கஸ்தூரியம்மாள் பேசாமல் இரு என்று கையைக் காட்டிவிட்டு, ரிசீவரைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.